கீழ்க்குழாயில் பூத்த பச்சை

நம்புறவிய நம்புங்க, நம்பாதவிய ஒரு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து ஒரு குளி குளிச்சுப் பாருங்க, ஆனா பொறவு ஊருக்குப் போயி அழுதா அதுக்கு நான் பொறுப்பில்ல. பாளையங்கோட்டையிலருந்து ரெட்டியார்பட்டி போற ரோட்டுல, மஞ்சள் பெயிண்ட் அடிச்சு நாலு மாடியா நிக்குதே, அதுதான் எங்க பில்டிங். வாசல்ல என்கிளேவுன்னு என்னமோ எழுதியிருக்கும், ஆனா செம்புக் கட்டடம்னு சொன்னாத்தான் ஆட்டோக்காரன் கொண்டாந்து விடுவான். கட்டின காண்ட்ராக்டர் சிவனணைஞ்ச பெருமாள் ஒருக்கா மலேசியாவுக்கு மச்சினனைப் பாக்கப் போயி, அங்க ஒரு ஓட்டல் குளியலறையில எல்லாம் செம்புல இருக்கிறதைப் பாத்துட்டு வந்து, கிறுக்குப் பிடிச்சவரு மாதிரி எங்க எல்லார் வீட்டுலயும் மேல கொட்டுற ஷவர், கீழ வாளி வைக்கிற குழாய், கை கழுவுற தொட்டி, சோப்புத் தட்டு, துண்டு போடுற கம்பி வரைக்கும் செம்புலயே மாட்டிட்டாரு.

சாவி குடுத்த அன்னைக்கு எங்க எல்லாரையும் கீழ நிக்க வச்சுச் சொன்னாரு. "இது அசல் செம்பு, மேல பூச்சு ஒண்ணும் கிடையாது. குளிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால ஈரத்தைத் துடைச்சு விட்டுருங்க. மாசத்துக்கு ஒருக்கா தேங்காயெண்ணெயைத் தொட்டு லேசா ஒரு பூசு, அது போதும். ஆசிட் ஊத்தாதிய, கம்பி நாரைக் கொண்டு பக்கத்துல போகாதிய, புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதிய. அதுபாட்டுக்கு விட்டுருங்க, தன்னால வயசாகும், அதுதான் இதுக்கு அழகு." பொம்பளைங்க நாங்க எல்லாரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பாத்து வாயைப் பொத்திச் சிரிச்சோம். செம்புல களிம்பு ஏற விட்டுட்டு அதை அழகுன்னு சொல்லுத மனுசனை அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாத்தோம்.

ஆனா அவரு சொன்னது பொய்யில்ல. வயசாச்சு. செம்புக்கு வயசாச்சு, எங்களுக்கு ஆகல.

புதுசுல பளபளன்னு இருந்தது கருப்பட்டி நிறத்துக்கு வந்தது, கருப்பட்டி கரியாச்சு, கரிக்கு மேல ஐப்பசி மழையில இண்டு இடுக்கெல்லாம் பச்சை பூத்தது, பூத்த பச்சை தடிச்சது, தடிச்ச இடத்துல குழாயோட கழுத்து மெல்லிசா மடிப்பு விழுந்து தொங்குச்சு, ஷவரோட தலை வருசத்துக்கு வருசம் கொஞ்சம் கொஞ்சமா முன்னால குனிஞ்சது, காலையில திறந்தா தண்ணி வாரதுக்கு முன்னால தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், கனைச்சு முடிச்சாத்தான் தண்ணி வரும். பக்கத்துலயே கண்ணாடியில பாத்தா நாங்க சாவி வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே நிப்போம். எனக்குக் காதோரத்துல இருந்த நரை அதே நரைதான், ஒண்ணு கூடல. மொதல்ல ரெண்டு வருசம் யாரும் யார்கிட்டயும் சொல்லல, அவிய அவிய தன் வீட்டுத் தண்ணி ராசின்னு நினைச்சுக்கிட்டு ரகசியமா சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தோம்.

பொறவு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்ச பொறவு அது ஒரு விசயமாவே இல்லாம போச்சு. மனுசங்களுக்கு எதுவும் பழகிரும். ரெட்டையர் ஆகி எங்க பில்டிங்ல இருக்கிற வாத்தியார் பென்சன் ஆபீசுல உயிரோட இருக்கேன்னு காட்டப் போனா, அங்க இருக்கிற பிள்ளை அவரு முகத்தையும் பிறந்த வருசத்தையும் மாறி மாறிப் பாத்துட்டு, "உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க சார்"னு சொல்லும். அவரும் வருசா வருசம் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லிட்டு வருவாரு. தூரத்துச் சொந்தக்காரவிய எல்லாம் அல்வாப் பொட்டலத்தோட வந்து, வேர்க்குது வேர்க்குதுன்னு சொல்லிக்கிட்டு குளியலறைப் பக்கமே பாத்துக்கிட்டு உக்காந்துருப்பாவ. எங்க வீட்டுக்காரவிய பெரிய மனசு பண்ணி எல்லாரையும் குளிக்க விட்டாவ, பொறவு ஒரு நாள் நாத்தனார் மூணாவது தடவை தலைக்கு ஊத்துறதைப் பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டாவ.

இதுக்கு ஒரு மறுபக்கம் உண்டுன்னு காட்டினவ மாடத்தி, கீழ்வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டுல வேலை பாத்தவ. பொங்கலுக்கு முந்தி விளக்கு, செம்பு, குத்துப்போணி எல்லாம் தேய்க்கக் கையில புளியை எடுத்தவ, தேய்க்கிற வேகத்துல குளியலறைக்கும் போயி, நல்ல நாளும் பொழுதுமா இதென்ன பீடை பிடிச்ச மாதிரின்னு ஷவரையும் எட்டித் தேய்ச்சுட்டா. செம்பைக் கண்டா கை சும்மா இருக்காது, அவளைக் குத்தம் சொல்ல முடியாது, நானா இருந்தாலும் தேய்ச்சிருப்பேன். ஷவர் மின்னுச்சு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த அண்ணாச்சி சாயங்காலம் எந்திரிச்சு வாரப்போ தலை முழுக்க வெளுத்து, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, சேர்ந்தாப்புல அஞ்சு வருசத்து நரையோடயும் வாதத்தோடயும் வந்து நின்னாரு. அவரு சம்சாரம் காந்திமதி மதினிக்கு ஒண்ணும் ஆகல, ஏன்னா அவிய ஷவர் பக்கம் போகமாட்டாவ, வாளியில பிடிச்சுத்தான் ஊத்துவாவ. இப்பமும் ரெண்டு பேரும் சேந்து கோயிலுக்குப் போனா, பூசாரி மதினியை அவரு மகள்னு நினைச்சுத்தான் திருநீறு குடுப்பாரு.

அன்னைக்கு எங்க எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைச்சது. மறுநாளே சங்கக் கூட்டம் போட்டோம், பில்டிங்குக்குள்ள புளி வரக் கூடாது, எலுமிச்சம்பழம் வரக் கூடாது. தக்காளியையும் தடுக்கணும்னு வாத்தியார் எந்திரிச்சாரு, அப்போ கஞ்சியத்தான் குடிக்கணும்னு பொம்பளைங்க போட்ட சத்தத்துல உக்காந்துட்டாரு. வாசல்ல வாட்ச்மேன் காய்கறிப் பையைக் கவுத்துப் பாத்துத்தான் உள்ள விடுவான். திருநெல்வேலிச் சீமையில பிறந்துட்டுப் புளியில்லாக் குழம்பு வச்சுத் தின்னோம், ஆயுத பூசைக்கு ஸ்கூட்டர் சக்கரத்துக்கு அடியில கத்திரிக்காயை வச்சு ஏத்தினோம், விருந்தாளி ரசத்தை வாயில வச்சுட்டு எங்களைப் பாத்தா நாங்க சுவரைப் பாத்தோம். சாகாம இருக்கிறதுக்கு இது பெரிய விலையான்னு அப்போ தோணுச்சு.

மூணாவது மாடியில இருந்த பிரம்மசக்திக்குத்தான் விலை வேறயா இருந்தது. அவ வீட்டுக்காரரு உச்சிமாகாளி, அரசு பஸ்ல கண்டக்டர். ஈரல் கெட்டுப்போச்சு, இந்தத் தீபாவளியைத் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் கைவிரிச்ச பொறவு, பொண்டாட்டி பிள்ளையை ஒரு சொந்த வீட்டுல உக்கார வச்சுட்டுக் கண்ணை மூடணும்னு வந்த மனுசன். வாரப்போ மக செண்பகவல்லிக்கு ரெண்டு வயசு, வல்லி வல்லின்னு நாங்க எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவோம். அந்தத் தீபாவளி வந்துச்சு, போச்சு. அடுத்த தீபாவளியும் போச்சு. மாகாளி சாகல. வல்லி வளரல.

மத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான், ஆனா அவிய எல்லாம் படிக்கிற வயசுப் பிள்ளைக, அப்பன் ஆத்தா ஒரு முடிவு பண்ணி வீட்டுச் செம்பையெல்லாம் மாசா மாசம் சாம்பலைத் தொட்டு லேசாத் தேய்ச்சு வளர வச்சுட்டாவ, கூடத் தங்களுக்கும் நாலு நரை ஏறினா ஏறட்டும்னு விட்டுட்டாவ. சக்தியால முடியல. அந்த வீட்டுச் செம்புல களிம்பா ஏறிக் கெடக்கிறதுல எது பிள்ளையோட வயசு, எது புருசனோட சாவுன்னு அவளுக்குத் தெரியல. பிள்ளையைக் கோவில்பட்டியில அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிப் பாத்தா, அங்கயும் வளரல, தலையில ஒருக்கா அந்தத் தண்ணி விழுந்துட்டா எங்க போனாலும் வயசு இங்க வந்து தான் ஏறும். குழாயைக் கழட்டிட்டு எவர்சில்வர் மாட்டிப் பாத்தா, மறுவாரமே எவர்சில்வர்ல பச்சை பூத்துருந்தது. பயந்துபோயிப் பழையதையே திரும்ப மாட்டிட்டா.

அந்த வீட்டுக் கீழ்க்குழாயை நெனைச்சா எனக்கு இப்பமும் உடம்பு சிலுக்கும். வல்லிக்குப் பால்பல் விழ வேண்டிய வயசு வந்தப்போ, பிள்ளை வாயில பல்லெல்லாம் அப்படியே இருக்க, குழாய் வாயிலருந்து அரிசி அரிசியாப் பச்சை மணி உதிர்ந்துச்சு. காலையில தரையில கெடக்கும். சக்தி அதை ஒண்ணொண்ணாப் பொறுக்கி, சாணி உருண்டைக்குள்ள வச்சு, பிள்ளைக்குப் பல் விழுந்தா எறியுற மாதிரியே மொட்டை மாடியில எறிஞ்சுட்டு வருவா. 

போன வருசம் கோடை லீவுக்கு சக்தியோட அக்கா மக வந்தா. வல்லியும் அவளும் ஒரே மாசத்துல பிறந்தவிய. அந்தப் பிள்ளை நாலாங்கிளாஸ் முடிச்சுட்டு நெடுநெடுன்னு வந்து நிக்குது, வல்லி அதோட பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு "தா, தா"ங்குது. வல்லிக்கு அம்மா, அப்பா, தா, மாட்டேன், காக்கா, இந்த மாதிரி கொஞ்சம் வார்த்தைதான், அன்னைக்கி எத்தனையோ அத்தனைதான் இன்னைக்கும். ஊருக்குப் போற அன்னைக்கி அந்தப் பிள்ளை, "சித்தி, எனக்குக் கல்யாணம் ஆகி எனக்கொரு பாப்பா பிறந்து, அது பெருசாகிப் போனாலும் வல்லி இப்படியேதான் இருப்பாளா"ன்னு கேட்டுருக்கு. சும்மா கேட்டதுதான். சக்தி அன்னைக்கு ராவும் பகலும் சோறு திங்கல.

நான் போயிப் பாத்தப்போ ரெண்டு பேருக்கும் சண்டை. மாகாளி பிளாஸ்டிக் சேர்ல சாஞ்சு உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"ஆவுடை அக்கா, நீங்களே சொல்லுங்க"ன்னாரு. "எனக்கு வலி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்தத் தீபாவளிக்கு முந்தி எப்படி வலிச்சுதோ, அதே இடம், அதே வலி, தினமும் காலையில புதுசா வருது. இதுக்குப் பேரு பிழைச்சுக் கெடக்கிறதா? அம்புட்டையும் தேய்ச்சு விடச் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா."

"தேய்ச்சா நீங்க இருக்க மாட்டிய அத்தான்"னா சக்தி.

"பிள்ளை இருப்பால்லா."

"ரெண்டு பேரும் இருக்கணும். அதுக்கு வழி சொல்லுங்க, இல்லன்னா சும்மா இருங்க."

அப்பத்தான் எனக்குச் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஷவர் ஞாபகம் வந்தது. யாரு எதுல குளிக்கிறாவளோ அவிய வயசு அதுலதான் ஏறும். சொன்னேன். சக்தி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "இவிய ஷவர்லதான அக்கா குளிக்காவ, உள்ள போயிக் கதவைச் சாத்தினா ஷவர் கொட்டுற சத்தம் தெருவுக்கே கேக்குமே. பிள்ளையை நான் கீழ்க்குழாயிலதான் ஊத்துதேன். நானும் அதுலதான். எனக்கு வயசு ஏறினா ஏறிட்டுப் போவுது, கீழ்க்குழாயை மட்டும் தேய்ச்சுட்டா இவியளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா." வல்லியோட பல்லு கூட அதுலருந்துதான விழுந்துச்சுன்னு அவ திரும்பத் திரும்பச் சொன்னா. மாகாளி குளியலறைப் பக்கம் ஒருக்கா பாத்துட்டு, "சரி, கீழ்க்குழாயை மட்டும் தேய்"ன்னாரு. அம்புட்டு நேரம் மல்லுக்கு நின்னவரு இப்படிச் சட்டுன்னு இறங்கி வந்துட்டாரேன்னு எனக்கு சந்தோசமாத்தான் இருந்தது.

அம்புட்டுத் தடிச்ச களிம்புக்குச் சாம்பல் போதாது, புளி வேணுமே, அதுக்குச் சங்கம் கூடுச்சு. கடைசியில வாத்தியார்தான் ஒரு எலுமிச்சம்பழ அளவு புளின்னு அனுமதிச்சாரு. வெள்ளிக்கிழமை காலையில சக்தி அதை மூடி போட்ட டிபன் பாக்ஸ்ல வச்சு வாசல் வழியா கொண்டு வந்தப்போ, எல்லாப் பால்கனியிலயும் ஆளு நின்னோம். எத்தனையோ வருசத்துக்குப் பொறவு படி முழுக்கப் புளி வாசம். எனக்கு வாயில தண்ணி ஊறுச்சு, வெக்கமா இருந்தது.

பிள்ளையைப் பிடிச்சுக்க என்னை வரச் சொன்னா. குளியலறை வாசப்படியில நான் சம்மணம் போட்டு உக்காந்து வல்லியை மடியில வச்சுக்கிட்டேன். மாகாளி எங்களுக்குப் பின்னால சேரை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. சக்தி புளியோட கல்லுப்பைச் சேர்த்துப் பிசைஞ்சு, குழாயோட அடியிலருந்து தேய்க்க ஆரம்பிச்சா.

பச்சை கரைஞ்சு ஓடுச்சு. மடியில ஒண்ணும் தெரியல, பொறவு எனக்குத் தொடை கொஞ்சம் கனத்தது. கனம் கூடிக்கிட்டே போச்சு. பிள்ளை அழல, சிணுங்கல, விரலைச் சப்பிக்கிட்டுத் தன் காலையே பாத்துக்கிட்டு இருந்தா, அந்தக் கால் என் மடியைத் தாண்டி, முட்டியைத் தாண்டி, மெள்ள மெள்ளத் தரையில போயித் தொட்டுச்சு, தலைமுடி என் கையில தண்ணி மாதிரி வழிஞ்சு இறங்குச்சு, கவுனு கம்புக்கூட்டுல டர்ருன்னு கிழிஞ்சது, வாயிலருந்து பல்லு ஒண்ணு என் உள்ளங்கையில விழுந்துச்சு, சூடா இருந்தது. சக்தி திரும்பிப் பாத்துட்டுச் சிரிச்சா. அவ காதுக்கு மேல அப்பவே வெளுக்க ஆரம்பிச்சிருந்தது, அவளுக்கு அது தெரியாது. பிள்ளைக்கு அஞ்சாறு வயசு இருக்கும், பாதிக் குழாய் செக்கச் செவேல்னு மின்னுது. "அத்தான் பாருங்க, பாருங்க"ன்னு அவரைப் பாத்தா. சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு.

அவரு உதடு கறுத்துப் போயிருந்தது. கண்ணுல மஞ்சள் ஏறி, வயித்தைப் பிடிச்ச கை நழுவித் தொங்குது.

"அத்தான், உங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, நீ தேய்."

"நான் ஷவரைத் தொடவே இல்லயே."

"ஷவரைத் திறந்து விட்டுருவேன் சக்தி, சத்தம் கேக்கட்டும்னு." மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்த வார்த்தை வந்தது. "காலு நிக்க மாட்டேங்கு. பஸ்ல பகலெல்லாம் நின்னே பிழைச்சவன், பொண்டாட்டிகிட்ட நிக்க முடியலன்னு எப்படிச் சொல்ல. முக்காலியைப் போட்டு உக்காந்து இந்தக் குழாயிலதான் ஊத்திக்கிட்டேன். வந்த வருசத்துலருந்தே அப்படித்தான்."

சக்தி கையில புளியோட அப்படியே இருந்தா. குழாயில மீதிப் பாதி பச்சையா கெடக்கு. தேய்னு சொல்லவோ வேண்டாம்னு சொல்லவோ நான் யாரு.

"நிறுத்தாத"ன்னாரு. "இப்ப நிறுத்தினா பொறவு உனக்குக் கை வராது, அவ இப்படியே நிப்பா. முழுக்கத் தேய்ச்சு விடு. இனிமே வெள்ளிக்கு வெள்ளி தேய்ச்சு விடு, களிம்பே பிடிக்க விடாத, பிள்ளை வெள்ளிக்கு வெள்ளி வளரட்டும்."

அவ அவரைப் பாத்தா. பொறவு குழாய்ப் பக்கம் திரும்பினா. திரும்பித் தேய்ச்சா. அழுதுக்கிட்டே தேய்ச்சா, பேரைச் சொல்லித் தேய்ச்சா, அத்தான் அத்தான்னு சொல்லிக்கிட்டே கழுத்து மடிப்புக்குள்ள விரலை விட்டுத் தேய்ச்சா, திருகுல தேய்ச்சா, வாயில தேய்ச்சா, சுவரோட சேருத இடுக்குல நகத்தால சுரண்டித் தேய்ச்சா, பச்சை முழுக்கப் போயி, கருப்பு போயி, கருப்பட்டி நிறம் போயி, காண்ட்ராக்டர் மாட்டின அன்னைக்கு இருந்த மாதிரி குழாய் தகதகன்னு எரிய ஆரம்பிச்ச பொறவும் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. பின்னால சேர் ஒரு தடவை கிரீச்சுன்னுச்சு. நாங்க ரெண்டு பேருமே திரும்பல, எனக்குத் திரும்பத் தைரியம் இல்ல.

என் மடி லேசாச்சு. வல்லி எந்திரிச்சு நின்னுட்டா. சக்தியோட அக்கா மகளை விட ஒரு விரக்கடை உசரம், கிழிஞ்ச கவுனு இடுப்புல ஒட்டிக்கிட்டு நிக்க, அந்த நீளக் காலை எப்படி வைக்கன்னு தெரியாம தட்டுத் தடுமாறிச் சுவரைப் பிடிச்சு ஈரத்துல நடந்து போயி, அம்மா முன்னால நின்னு ரெண்டு கையையும் மேல நீட்டினா.

"அம்மா, தூக்கு"ன்னா, மழலை கொஞ்சம் கூடக் குறையல.

வளந்தது உடம்பு மட்டும்தான். அந்த வருசமெல்லாம் குழாய்தான வாழ்ந்துச்சு, பிள்ளை எங்க வாழ்ந்தா. சக்தி புளிக் கையைச் சேலையில துடைச்சுட்டு, குனிஞ்சு, பிள்ளையைக் கம்புக்கூட்டுல கையைக் கொடுத்துத் தூக்கினா. ஒரு சாண் கூட எழும்பல. இன்னொருக்கா மூச்சைப் பிடிச்சுத் தூக்கினா, வல்லியோட கால் ரெண்டும் தரையிலயே இழுபட்டது. அப்படியே அணைச்சு இழுத்துக்கிட்டு என்னைத் தாண்டி, சேர் பக்கம் போயி நின்னா.

"அத்தான், இங்க பாருங்களேன்"னா. "உங்க மகளை என்னால தூக்க முடியல."